கப்பல் விடும் புகைக்கு யார் வரி போடுவது?

(திரையில்: நடுக்கடலில் ஒரு சரக்குக் கப்பல்)

கப்பல் முதலாளி கிரீஸ்காரர், கொடி (அதாவது பதிவு) லைபீரியாவுடையது, சரக்கு சீனாவிலிருந்து ஜெர்மனிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இது விடும் புகை எந்த நாட்டுக் கணக்கில் வரும்? எதிலும் வராது. 1997 கியோட்டோ ஒப்பந்தத்திலேயே இந்தத் தலைவலியை லண்டனில் இருக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தலையில் கட்டிவிட்டார்கள். இத்தனைக்கும் உலகப் பசுமைக்குடில் வாயுக்களில் கிட்டத்தட்ட 3 சதவீதம் கப்பல்களுடையது.

சரி, வரி போட்டால் என்ன ஆகும்? ஒரு டன் கப்பல் எண்ணெயை எரித்தால் ஏறக்குறைய 3.1 டன் கார்பன் டை ஆக்சைடு வருகிறது (தப்பில்லை, எண்ணெயில் இருக்கும் கார்பன் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் அந்த எடையும் சேர்ந்துவிடுகிறது). அதனால் கார்பன் டை ஆக்சைடு டன்னுக்கு 100 டாலர் வரி என்றால் எண்ணெய் டன்னுக்கு 310 டாலர் கூடுதல் செலவு. கேப்டன் முதலில் கை வைப்பது வேகத்தில்தான். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் இன்ஜினுக்குத் தேவைப்படும் சக்தி சுமார் 27 சதவீதம் குறையும், பயண நாள் கூடுவதைக் கழித்தாலும் எண்ணெயில் 19 சதவீதம் வரை மிச்சம்.

2025 ஏப்ரலில் அந்தக் கடல்சார் அமைப்பில் ஒரு திட்டம் ஓரளவு கூடிவந்தது. 5,000 கிராஸ் டன்னேஜுக்கு (இது எடை இல்லை, கப்பலின் உள்ளளவு) மேற்பட்ட கப்பல்களுக்கு மட்டும். ‘டன்னுக்கு 380 டாலர் வரி’ என்று செய்தி ஓடியது, ஆனால் அது எல்லா டன்னுக்கும் இல்லை. புகைக்கு நிர்ணயித்த வரம்பைத் தாண்டிய பகுதிக்குத்தான், அதிலும் இரண்டு படிகள்: 100 டாலர், 380 டாலர். என்னைக் கேட்டால் இது வரி இல்லை, அபராதம். எல்லா டன்னுக்கும் வரி கேட்ட பசிபிக் தீவு நாடுகள் இது போதாது என்று வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன.

அப்புறம் அக்டோபர். இறுதி ஒப்புதலுக்காகக் கூடினார்கள். ஆதரிக்கும் நாடுகளுக்கு விசா கட்டுப்பாடு, துறைமுகக் கட்டணம் என்று அமெரிக்கா மிரட்ட, ஓராண்டு தள்ளிவைக்கலாம் என்று சவூதி அரேபியா சொல்ல, 57-க்கு 49 என்ற வாக்கில் தள்ளிப்போனது.

ஐரோப்பிய ஒன்றியமோ யாருக்கும் காத்திருக்கவில்லை. 2024 ஜனவரியிலிருந்தே கப்பல்களையும் தன் கார்பன் சந்தைக்குள் (விடும் புகைக்குக் காசு கொடுத்து அனுமதி வாங்கும் ஏற்பாடு) இழுத்துவிட்டது. வெளியிலிருந்து வரும் கப்பல் என்றால் அந்தப் பயணத்தின் பாதிப் புகைக்குக் கணக்கு காட்ட வேண்டும். வழியில் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் பெட்டிகளை இறக்கி மாற்றி, கடைசித் துண்டுக்கு மட்டும் கணக்கு காட்டினால்? அதையும் யோசித்துவிட்டார்கள்: மொராக்கோவின் டான்ஜியர் மெட், எகிப்தின் கிழக்கு போர்ட் சயீத் இரண்டிலும் கன்டெய்னர் கப்பல் நின்றாலும் நின்றதாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.