வாசலில் நிற்கும் மனிதர்
(கிளிநொச்சியில் ஒரு சனசமூக நிலைய ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, செயலாளர் அவர்களே, கிராம சேவையாளர் அவர்களே, வயலிலிருந்து நேரே வந்திருக்கும் மாதர் சங்கத்து அம்மாமாரே, பின்னால் நிற்கும் தம்பி தங்கச்சிமாரே, எல்லோருக்கும் வணக்கம். இன்னொரு கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு வந்த தவிசாளருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பந்தல் போட்ட பிள்ளைகளுக்கும் நன்றி.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். எங்கள் ஊருக்கு இது மிகவும் பொருந்தும். 1930களில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 2009க்குப் பின் முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே கோயில் இல்லை, ஒரே பள்ளிக்கூடமும் இல்லை. பின்னேரம் பூங்காவில் பிள்ளையை ஊஞ்சலில் விட்டுவிட்டு வாங்கில் இருக்கும்போதுதான் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து "நீங்கள் எந்த இடம்?" என்று கேட்கிறோம்.

பூங்காவைப் பற்றி மூன்று விடயங்கள் பேச வந்தேன்: நிழல், வெளிச்சம், வாசல். நிழலுக்கு வேம்பும் மருதும் நடுங்கள். வெளிச்சத்தை இன்னொரு நாள் பார்ப்போம். வாசலுக்கு வருகிறேன்.

வன்னியில் ஒரு பூங்கா. எந்த ஊர் என்று சொல்லவில்லை. மாடும் மோட்டார் சைக்கிளும் உள்ளே போகக்கூடாதென்று வாசலில் இரும்புக் குழாய்களை வளைத்து வளைத்து நட்டிருந்தார்கள். ஒருவர் உடம்பைத் திருப்பித்தான் நுழையலாம். ஒரு நாள் பின்னேரம் யுத்தத்தில் இரண்டு கால்களையும் இழந்த ஒருவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு சக்கர நாற்காலியில் வந்தார். குழாயைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே வெயிலில் இருந்தார். அது சறுக்கியில் ஏறும், "தாத்தா, பாருங்கோ!" என்று கத்தும். இவருக்குப் புதர் மறைக்கும். "பார்த்தனான் மோனை" என்பார். பிள்ளை திரும்பவும் ஏறும், திரும்பவும் கத்தும். சுண்டல் விற்ற ஆச்சி இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் உள்ளே இருந்த பெடியங்களைக் கூப்பிட்டு, "மாட்டுக்கு நட்ட கம்பி மனிசனை மறிக்குது, உங்களுக்குத் தெரியேல்லையே?" என்றார். நாலு பேர் வந்து நாற்காலியோடு தூக்கிக் கம்பிக்கு மேலால் இறக்கினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அவரோ தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் அங்கே வரவில்லை.

உதவி செய்தவர்கள் நல்ல பிள்ளைகள். ஆனால் நாலு பேர் தூக்கித்தான் ஒருவர் பூங்காவுக்குள் போக வேண்டுமென்றால், அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். அவரோடு துணைக்கு வருபவரும் வரமாட்டார். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, வடத்தைப் பிடிக்க வந்தவரை வாசலில் நிறுத்தலாமா?

இது இரக்கத்தால் கேட்கும் காரியமும் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொது இடங்களுக்குள் தடையின்றிப் போவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. 2030க்குள் பசுமையான பொது இடங்கள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட இலக்கு.

செலவும் பெரிதில்லை. வாசல் மூன்றடி அகலமாவது இருக்க வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாகச் சாய்தளம் போட வேண்டும். மணல் பாதையில் சில்லுப் புதையும், அதனால் வாங்கு வரைக்கும் கொங்கிறீற்று வேண்டும். மலசலகூடக் கதவும் அகலமாக இருக்க வேண்டும். பிள்ளைத் தள்ளுவண்டியோடு வரும் தாய்க்கும், முழங்கால் நோகும் அம்மம்மாவுக்கும் இதே வழிதான் உதவும்.

தவிசாளர் அவர்களே, அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் புதிய ஊஞ்சலுக்கு முன் இந்த வாசல்களுக்குப் பணம் ஒதுக்குங்கள். வருகிற ஞாயிறு காலை அளவு நாடாவோடு எங்கள் பூங்கா வாசலில் நிற்பேன். சக்கர நாற்காலி பாவிக்கும் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மேசன் வேலை தெரிந்தவர்கள் கட்டாயம் வாருங்கள், ஊர் கூடித்தான் இழுக்க வேண்டும். நன்றி, வணக்கம்.