பாலில் தொடங்கிய கூட்டணி

அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகமும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு வட்டாரத்தை எப்படி முன்னேற்றலாம் என்று பேச அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பு கிடைத்தால் எல்லோரும் சிலிக்கான் பள்ளத்தாக்குக்குப் போய்விடுவார்கள். நானும் போவேன், ஆனால் முதலில் கொஞ்சம் பாலைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1880களில் பால் தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. வெண்ணெய் ஆலைகள் பாலின் எடையைப் பார்த்துத்தான் காசு கொடுத்தன. எடைக்குக் காசு என்றால் தண்ணீர் கலப்பவருக்குத்தானே லாபம்? கொழுப்பு நிறைந்த பால் தரும் மாட்டை வைத்திருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பாலில் எவ்வளவு கொழுப்பு என்று கண்டுபிடிக்க அப்போதும் முறைகள் இருந்தன. ஆனால் அதற்கு ஆய்வகம் வேண்டும், வேதியியல் படித்தவர் வேண்டும், நேரம் வேண்டும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பாப்காக் 1890இல் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார். பாலோடு கந்தக அமிலத்தைச் சேர்த்தால் கொழுப்பைத் தவிர மற்றவை கரைந்துவிடும். குப்பியைச் சுழற்றினால் கொழுப்பு பிரிந்து மேலே வரும். குப்பியின் கழுத்தில் இருக்கும் அளவுக்கோட்டைப் பார்த்தால் போதும், விடை தெரிந்துவிடும். ஆலையில் வேலை செய்யும் யாரும் இதைச் செய்யலாம். பாப்காக் காப்புரிமை வாங்கவில்லை. சோதனை வேகமாகப் பரவியது, கொழுப்பை அளந்து விலை கொடுப்பது சாத்தியமானது, நல்ல மாடு வளர்ப்பதற்கும் அர்த்தம் வந்தது.

இதில் நான் பார்ப்பது என்னவென்றால், கேள்வி ஆலையிலிருந்து வந்தது, விடையும் ஆலையில் நிற்கிற ஆளின் கைக்கே போய்ச் சேர்ந்தது. நடுவில்தான் பல்கலைக்கழகம். இன்றைய கூட்டு முயற்சிகளில் பல இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் புரிந்துணர்வு ஒப்பந்தம், புகைப்படம். அப்புறம்தான் எதைப் பற்றி ஆராயலாம் என்று தேடுகிறார்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் இன்னொரு கதையும் உண்டு. உணவின் மீது புற ஊதா ஒளியைச் செலுத்தினால் வைட்டமின் டி கூடுகிறது என்று 1920களில் ஹாரி ஸ்டீன்பாக் கண்டறிந்தார். குழந்தைகளின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயைத் தடுக்கும் வழி அது. இவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதை நிர்வகிக்க 1925இல் ஓர் அறக்கட்டளை உருவானது, வருமானம் ஆராய்ச்சிக்குத் திரும்பியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அறக்கட்டளை, வெண்ணெய்க்கு மாற்றாக விற்கப்படும் மலிவான மார்கரின் தயாரிப்பாளர்களுக்கு உரிமம் தர மறுத்தது, ஏனென்றால் மார்கரின் உள்ளூர் வெண்ணெய்க்குப் போட்டி. மார்கரினோ வெண்ணெய் வாங்க வசதியில்லாதவர்களின் உணவு. வட்டாரத் தொழிலைக் காப்பாற்றப் போய், அந்த மருந்து அதிகம் தேவைப்பட்டவர்களிடமிருந்து அதைத் தள்ளி வைத்தார்கள். 'வட்டார முன்னேற்றம்' என்று சொல்லும்போது யாருடைய முன்னேற்றம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, சிலிக்கான் பள்ளத்தாக்குக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1951இல் தன் நிலத்தில் தொழிற்பூங்கா தொடங்கியதை எல்லோரும் சொல்வார்கள். அதைப் பார்த்து உலகம் முழுக்கப் பூங்காக்கள் கட்டினார்கள், கட்டடம் கண்ணுக்குத் தெரியும் அல்லவா? அங்கே பொறியியல் புலத் தலைவராக இருந்த பிரெட்ரிக் டெர்மன் செய்த இன்னொரு வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. 1954இல் ஒரு திட்டம் வந்தது. சுற்றியிருந்த நிறுவனங்களின் பொறியாளர்கள் வேலையை விடாமலே அங்கே முதுகலை படிக்கலாம். காலையில் வகுப்பில் கேட்டதை மாலையில் வேலையில் முயன்று பார்க்கலாம், வேலையில் மாட்டிக்கொண்ட சிக்கலை வகுப்பில் பேராசிரியரிடம் கேட்கலாம். என் கணக்கில் பூங்காவைவிட இது பெரிய காரியம்.

சிறு நிறுவனங்களின் நிலை வேறு. அவற்றுக்கு ஆளை அனுப்பிப் படிக்க வைக்க முடியாது. ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்து இது நமக்கு உதவும் என்று சொல்லக்கூட அங்கே ஆள் இருக்காது. பிரிட்டனில் 1975இல் தொடங்கிய ஒரு திட்டம் இதற்கு வழி சொல்கிறது. பட்டம் பெற்ற ஓர் இளைஞர் நிறுவனத்துக்குள்ளேயே இருந்து ஒரு குறிப்பிட்ட சிக்கலில் வேலை செய்வார். பல்கலைக்கழகமும் நிறுவனமும் சேர்ந்து அவரை வழிநடத்தும். செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கும். இன்றும் வேறு பெயரில் அது நடக்கிறது.

கடைசியாக, ஒப்பந்தம் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதில் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்குக் காப்புரிமையால் வரும் பணம் ஆராய்ச்சிச் செலவில் ஒரு சிறு பகுதிதான். ஆய்வு மாணவரின் நிலையை முதலில் பேசுங்கள். நிறுவனம் ரகசியம் என்று சொல்லி ஆய்வேட்டை நிறுத்திவைத்தால் அவருடைய பட்டம் நின்றுபோகும். எத்தனை நாளைக்குள் நிறுவனம் பார்த்துத் திருப்பித் தர வேண்டும், எதை நீக்கச் சொல்லலாம், எதை நீக்கச் சொல்லக் கூடாது என்பதை மாணவர் வேலையில் சேரும் முன்பே எழுதிவிடுங்கள், ஒரு பிரதியை அவர் கையிலும் கொடுங்கள்.

உங்கள் கேள்விகளை இப்போது எடுத்துக்கொள்கிறேன்.