உதட்டை மட்டும் அசைக்கும் பின்வரிசை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பள்ளி இசைக்கல்வியில் முதலிடம் குழுப் பாடலுக்கா, ஒவ்வொரு பிள்ளையின் தனி வளர்ச்சிக்கா என்னும் இந்த வழக்கில், எதிரணித் தலைவர் நம்மைத் திருவையாற்றுக்கே அழைத்துச் சென்றுவிட்டார். தியாகராசர் ஆராதனையில் நூற்றுக்கணக்கானோர் ஒருசேர அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் பாடுவதைக் காட்டிலும் உயர்ந்த இசைப் பாடம் உண்டா என்று கேட்டார். காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் அந்த அழகை மறுப்பேனா? ஆனால் நாட்டை தொடங்கி ஸ்ரீராகம் வரையிலான அந்த ஐந்து கீர்த்தனைகளை யாரும் பந்தலில் உட்கார்ந்து கற்றுக்கொள்வதில்லை. குருவின் முன்னால் தனியே பாடி, திருத்தப்பட்டு, பாடம் ஆன பிறகே அங்கே வருகிறார்கள்.

பள்ளியில் நடப்பதோ தலைகீழ். ஆண்டு விழா நெருங்கினால் இசை வகுப்பு முழுவதும் ஒரே பாட்டுதான். குழு என்றால் சுருதியும், அதாவது எல்லோரும் பாடும் அடிப்படை ஒலியின் உயரமும், ஒன்றுதான். அந்த உயரத்தைக் கட்டை என்று அளக்கிறோம். சுருதிப் பெட்டியை ஐந்து கட்டையில் வைத்துவிட்டால், குரல் உடைகிற பதின்மூன்று வயதுப் பையனுக்கு மேல் ஷட்ஜம், அதாவது உச்சியில் வரும் 'ஸ', எட்டாது. இரண்டரைக் கட்டைக்கு இறக்கினால் அவனே தெளிவாகப் பாடக்கூடும் என்பது, அவனைத் தனியே பாடவைத்துக் கேட்டால்தானே ஆசிரியருக்குத் தெரியும்? குடமுருட்டிக் கரையில் நான் படித்த பள்ளியில் என்னைப் பின்வரிசைக்கு அனுப்பி, "நீ உதட்டை மட்டும் அசைத்தால் போதும்" என்றார்கள். அந்த ஆண்டு எங்கள் குழுவுக்குக் கோப்பை கிடைத்தது. புகைப்படத்தில் அதன் ஒரு காதை நானும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நாகசுரக் குழுவான பெரிய மேளத்தில் மாணவன், சுருதிக்காக ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும் ஒத்து என்னும் குழலை ஊதியும் தாளம் போட்டும்தானே தொடங்கினான் என்று எதிரணியினர் கேட்கலாம். உண்மை, குழுவுக்குள் காது பழகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் விடியற்காலைப் பயிற்சியான சாதகத்தில் அவன் ஊதுவதை ஆசிரியர் தனியே கேட்டுத் திருத்திய பிறகுதான் நாகசுரம் அவன் கைக்கு வசமாயிற்று.

நேரம் எங்கே என்ற கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். தொடக்கப் பாடமான முதல் சரளி வரிசையை முதற்காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஏறி இறங்க ஆதி தாளத்தில் இரண்டே ஆவர்த்தனம், அதாவது இரண்டே தாளச் சுற்று. நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடம். வாரத்தில் ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள், வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தப் பிள்ளையின் கட்டையைக் குறித்து வையுங்கள். ஆண்டு விழாப் பாட்டை அதன் பிறகு தேர்ந்தெடுப்போம்.