‘கடைசிப் பத்தியைத் திரும்பப் படிங்க’

நேயர்களுக்கு வணக்கம்.

பார்வையற்ற மாணவி ஒருவர் பருவத் தேர்வு எழுதுகிறார். அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் எழுதுகிறார். ஒரு வரி விடுபட்டதோ என்று மாணவிக்குச் சந்தேகம். “கடைசிப் பத்தியைத் திரும்பப் படிங்க” என்று கேட்டால் போதும். ஆனால் வாய் வருவதில்லை. உதவிக்கு வந்தவரைச் சந்தேகப்படுவதா என்ற கூச்சம். பாடம் தெரிந்தும் மதிப்பெண் இப்படித்தான் போகிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்கள் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். இடம் கிடைத்து உள்ளே வந்தவருக்கு, கேட்கவும் மறுக்கவும் பதற்றத்தை அடக்கவும் யார் பழக்குவது? இவற்றைப் பழகுவதைத்தான் சமூக உணர்வுசார் கற்றல் என்கிறார்கள். இதை ஒரு மணிநேரச் சொற்பொழிவாக நடத்திப் பயனில்லை. சிக்கல் எழும் இடத்திலேயே பழக்க வேண்டும்.

தேர்வையே எடுத்துக்கொள்வோம். தேர்வு நடத்துபவர்களே மாணவருக்காக எழுதுபவரைத் தந்தால், இரண்டு நாள் முன்பாக அவரைச் சந்திக்க மாணவரை அனுமதிக்க வேண்டும் என்றன மத்திய அரசின் 2018 நெறிமுறைகள். ஆள் பொருத்தமா என்று பார்க்க அது போதும், பழக்கத்துக்குப் போதாது. கல்லூரி ஆசிரியர்களே, ஒரு மாதம் முன்பே இருவருக்கும் அரைமணி நேர அமர்வுகள் மூன்று வையுங்கள்.

முதல் அமர்வில் பேச்சு ஒப்பந்தம் மட்டும். நிறுத்தச் சொல்ல மேசையை ஒருமுறை தட்டுவதா, புதுப் பத்தியை எப்படிச் சொல்வது, பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டுமா என்று பேசி முடிவு செய்யட்டும். இரண்டாவதில் பழைய வினாத்தாளிலிருந்து ஒரு பத்து மதிப்பெண் கேள்வி. எழுதுபவர் வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தை விட்டுவிட வேண்டும். மாணவர் படிக்கச் சொல்லிக் கண்டுபிடிக்க வேண்டும். இப்படி ஒரு பயிற்சி உண்டு என்று இருவருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையேல் நம்பிக்கை கெடும். மூன்றாவது, கடிகாரம் வைத்து. அதே நெறிமுறைப்படி மணிக்கு 20 நிமிடம் கூடுதல், அதாவது மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம். அதில் 15 நிமிடத்தைத் திரும்பப் படிக்கவென்றே ஒதுக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு அமர்வும் முடிந்ததும் ஐந்து நிமிடம்: எந்த இடத்தில் நெஞ்சு படபடத்தது? சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது என்ன? இந்த ஐந்து நிமிடத்தைத்தான் பலர் நேரமில்லை என்று வெட்டிவிடுகிறார்கள். பயிற்சியின் உயிரே அதுதான்.

மறுப்பதும் பழக வேண்டியதே. கேட்காமலே சக்கர நாற்காலியைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். மாணவர் சீறினால் திமிர் பிடித்தவன் என்று பெயர். “வேண்டாங்க, நானே வந்துடுவேன். அந்தக் கதவை மட்டும் பிடிச்சுக்கோங்க” என்ற இரண்டு வாக்கியம், சொல்லிச் சொல்லிப் பழகினால் கோபத்துக்கு முன்னால் வந்து நிற்கும். ஆனால் தள்ளுகிறவருக்கும் பாடம் வேண்டுமே! ஆகவே மாற்றுத்திறனாளிகளை மட்டும் தனியே உட்காரவைக்காமல், எல்லோரும் கலந்த எட்டுப் பேர் குழுவாக நடத்துங்கள்.

காது கேளாத மாணவரின் நிலை வேறு. விடுதியில் எல்லோரும் சிரிக்கிறார்கள், என்னவென்று கேட்டால், “ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்.” அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. நாள் முழுக்க உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் களைப்போடு இதுவும் சேரும்போது அவர் ஒதுங்கிவிடுகிறார். அதை ஆர்வமின்மை என்று ஆசிரியர் குறித்துக்கொள்கிறார். இங்கே மாற வேண்டியவர்கள் மற்றவர்கள். பேசும் முன் கை தூக்குங்கள், ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் பேசுங்கள், ஜன்னல் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காராதீர்கள்.

அந்த மாணவர் மனநல ஆலோசகரிடம் போகும்போது, சைகை தெரிந்த வகுப்புத் தோழரைத் துணைக்கு அனுப்பாதீர்கள். தோழர் முன்னால் காதலையோ வீட்டுக் கடனையோ அவர் எப்படிச் சொல்வார்? வெளியிலிருந்து சைகைமொழி பெயர்ப்பாளரை வரவழையுங்கள். அவர் வரும்வரை ஆலோசகரும் மாணவரும் ஒரே கணினித் திரையில் தட்டச்சு செய்து பேசலாம். முடிந்ததும் அந்தக் கோப்பை மாணவர் கண்ணெதிரே அழித்துவிடுங்கள்.