நிற்கும் வேலையும் உட்காரும் உரிமையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். உடல்நலத்தைப் பற்றிப் பேச அழைக்கப்பட்ட நான், இன்று நாற்காலியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் 22-ஏ என்றொரு பிரிவைச் சேர்க்கும் திருத்தம் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கோழிக்கோட்டில் கடைப்பெண்கள் பல ஆண்டுகள் போராடியதன் பயனாகக் கேரளத்தில் இது 2018இலேயே சட்டமாகிவிட்டது. உட்காருவதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

காலுக்கு இறங்கிய இரத்தம் மேலேறி இதயத்தை அடைய வேண்டுமென்றால், கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து அதைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். நடக்கும்போது அது தானாக நடக்கிறது. ஓரிடத்தில் அசையாமல் நிற்கும்போது இரத்தம் கீழேயே தேங்கி, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய்களான சிரைகளின் வால்வுகள் நாளடைவில் தளர்ந்து, ‘நரம்பு சுருட்டல்’ என்று நாம் சொல்லும் நோய் வருகிறது. கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்கக் கூசி, காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று வருவதும் இத்தகையதே. கிருமியை அவ்வப்போது வெளியேற்றும் வழியை அவர்களே அடைத்துக்கொள்ள நேர்கிறது. இவர்களிடம் ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று சீட்டு எழுதிக் கொடுக்கும் மருத்துவர் நல்லவர்தாம். ஆனால் அந்தச் சீட்டு போய்ச் சேர வேண்டிய இடம் கடை முதலாளியின் மேசை.

வறுமைதான் காரணம் என்று சிலர் இதை முடித்துவிடுவார்கள். இலண்டனில் அரசு அலுவலகங்கள் நிறைந்த வைட்ஹாலில் 1967இல் தொடங்கிய ஆய்வு அதை ஒப்புக்கொள்ள விடவில்லை. அங்கே ஆராயப்பட்ட ஏறத்தாழ 18,000 ஆண்களும் அரசு ஊழியர்கள். நிலையான வேலையும் இலவச மருத்துவமும் அவர்களுக்கு இருந்தன. அப்படியிருந்தும், கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறப்பது உயர்நிலை அதிகாரிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் வேறுபாட்டின் ஒரு பகுதிக்கே விளக்கம் கிடைத்தது. மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட் தலைமையில் 1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாவது ஆய்வு, தம் வேலையின் மீது தமக்கே கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வருவதைக் காட்டியது. எப்போது எழுவது, எப்போது ஓய்வது என்பதைப் பிறர் தீர்மானிக்கும் வாழ்க்கை உடம்பில் பதிந்துவிடுகிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

வருமானமும் இங்கேதான் வந்து சேர்கிறது. நாட்கூலிக்காரருக்கு ஒரு நாள் மருத்துவமனை வரிசை என்பது ஒரு நாள் கூலி. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை இலவசமாகக் கிடைத்தாலும், அதை வாங்கப் போகும் பொழுது இலவசமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றதன் பயன் இதில் இருக்கிறது.

கடை மூடியதும் பெண்ணின் வேலை முடிவதில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். ஆண்கள் தரப்பு ஆறுதல் கொள்ள வேண்டாம். அந்த 97, ஈடுபடும் ஆண்களின் சராசரி மட்டுமே, அவர்களும் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்தாம். பகலெல்லாம் நின்ற அதே கால்கள்தாம் இரவில் அடுப்படியிலும் நிற்கின்றன.

சென்ற மாதம் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போயிருந்தேன். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு முக்காலிகள் போட்டிருந்தார்கள்; அவற்றின் மேல் புடவைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கூட்டமில்லாத நேரம் என்பதால், ‘உட்காரலாமே அம்மா’ என்று அங்கிருந்த பெண்ணிடம் சொன்னேன். அவர் தலையை உயர்த்தாமல் கண்ணால் மட்டும் கூரை மூலையைக் காட்டினார்: ‘உட்காரலாம் சார், கேமரா பார்த்துக்கிட்டே இருக்கு.’