பரண்ல ஏறறதுக்கு முன்னாடி, ஏறும்போது, இறங்கும்போது

வணக்கம். மரத்துல ஸ்டாண்ட் கட்டி உக்காந்து மான் வேட்டை ஆடறவங்களுக்காக பேசச் சொல்லி கூப்பிட்டிருக்காங்க. வேட்டைக்கு சட்டம் இடம் குடுத்து லைசன்ஸும் குடுக்கற நாடுகள்ல இருக்கறவங்களுக்குத்தான் முக்கியமா இந்தப் பேச்சு, ஆனா போட்டோ எடுக்க பரண் ஏறறவங்களும் மிருகக் கணக்கெடுப்புக்கு ஏறறவங்களும் தாராளமா கேக்கலாம், இவன் துப்பாக்கிக்காரன் இவன் கேமராக்காரன்னு பாத்து மரம் யாரையும் கீழ தள்றதில்ல.

முதல்ல ஒரு சின்ன கணக்கு. 20 அடி உயரத்துல கால் தவறுனா தரைக்கு வந்து சேர 1.1 செகண்டுதான் ஆகும், தரையில படும்போது வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர் கிட்ட இருக்கும். இதுல பாதி வழியில ஏதாவது கிளையைப் புடிச்சுக்கலாம்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்ககிட்ட நான் வாதம் பண்றதில்ல. இன்னொண்ணு, மணிக்கணக்கா உக்காந்துட்டு இருக்கும்போது தூங்கி விழறவங்க உண்டுதான், ஆனா அதைவிட ஆபத்தான நேரம் ஏறும்போதும் இறங்கும்போதும், அதுலயும் ஏணியை விட்டு பரண் மேல கால் வைக்கற அந்த ஒரு அடி, அப்புறம் இறங்கறதுக்காக திரும்ப ஏணியைத் தேடி காலை கீழ விடற அந்த ஒரு அடி. நிறைய பேர் மேல போய் உக்காந்ததுக்கு அப்புறம்தான் பெல்ட்டை மாட்டறாங்க, அதாவது பாதி ஆபத்தை தாண்டிட்டு மாட்டறாங்க. ஹார்னஸை, அதாவது விழுந்தா தாங்கிப் புடிக்கற அந்த உடம்புப் பட்டையை, தரையில மாட்டணும், மரத்தோட தரையிலயே இணைக்கணும், திரும்ப தரைக்கு வந்து ரெண்டு காலும் ஊனுனதுக்கு அப்புறம்தான் கழட்டணும். நான் இன்னைக்கு சொல்ற எல்லாம் இதுக்குள்ள அடங்கிடும், ஸ்டாண்ட் வாங்கறதையும் இதை வெச்சுதான் முடிவு பண்ணச் சொல்றேன்.

கடையில பாத்தா நாலஞ்சு வகை இருக்கும். ஏணியோட சேர்ந்து வர்ற லேடர் ஸ்டாண்ட் பழகாதவங்களுக்கு ஏறறதுக்கு சுலபம், ஆனா நிறுத்தறதுக்கு மூணு பேராவது வேணும், ரெண்டு பேர் உக்கார்றதுல சிலது 45 கிலோவையும் தாண்டிடும், தனியா போய் நிறுத்திடலாம்னு மட்டும் கிளம்பாதீங்க. அதுல ஒரு விஷயம், மேல் ஸ்ட்ராப்பை மரத்தோட கட்டறதுக்கு முதல் தடவை ஒருத்தர் ஏறித்தானே ஆகணும், அந்த ஏற்றம்தான் அதுலயே மோசமானது, அதனால ஏறறதுக்கு முன்னாடியே நடுவுல இருக்கற தாங்கு கம்பியை மரத்தோட இறுக்கிட்டு, மேல் பாகத்தை கீழ இருந்தே கயிறால மரத்தைச் சுத்தி குறுக்கும் நெடுக்குமா இழுத்துக் கட்டிட்டு, ரெண்டு பேர் அடியில புடிச்சுக்க, அப்புறம் ஏறுங்க.

க்ளைம்பர் ஸ்டாண்டுன்னா மேல் பாகம் கீழ் பாகம்னு ரெண்டு துண்டு. மேல் துண்டை கையால தூக்கி மாட்டறது, அப்புறம் கால்ல கோர்த்த கீழ் துண்டை இழுத்துக்கறது, கம்பளிப்பூச்சி போற மாதிரி ஏறறது. எடை 9 கிலோ சுமாருக்கு இருக்கும், தோள்ல போட்டுட்டு போயிடலாம், ஆனா மரம் நேரா இருக்கணும், ஏறற வரைக்கும் கிளை இருக்கக்கூடாது. இதுல அந்த ரெண்டு துண்டையும் இணைக்கற ஒரு சின்ன கயிறு வரும், பாக்க வேலைக்காகாத கயிறு மாதிரி இருக்கும், சில பேர் அதை கட்டறதே இல்ல. கட்டலேன்னா காலை நகத்தும்போது கீழ் துண்டு கழண்டு அடிமரத்துக்கு சறுக்கிடும், நீங்க மேல் துண்டை கையால புடிச்சுட்டு தொங்குவீங்க. மரம் மேல போகப் போக ஒல்லியாகும்ங்கறதால கீழ தொடங்கும்போதே தட்டோட முன் நுனியை கொஞ்சம் தூக்கலா வெச்சு மாட்டணும், மேல போகும்போது தானா சமமாகும், அடியிலயே சமமா வெச்சா மேல போய் வழுக்குப்பாறைதான்.

ஹேங்-ஆன் ஸ்டாண்டு ஒரு தட்டும் சீட்டும்தான், ஏற தனியா குச்சி ஏணி வேணும். இந்த ஏணியோட கடைசி படி தட்டுக்கு மேல வரைக்கும் போகணும், அதாவது நீங்க மேல இருந்து தட்டுக்கு கீழ் நோக்கி காலை வைக்கணும், கீழ இருந்து தட்டைப் புடிச்சு எம்பி ஏறக்கூடாது. எம்பும்போது தட்டோட ஓரத்துல மொத்த வெயிட்டும் விழும், அதுக்காக செஞ்ச பொருள் இல்ல அது. இப்ப சேடில்னு ஒண்ணு பரவலா வந்திருக்கு, இடுப்புல சேணம் கட்டி கயிறுல சாஞ்சு தொங்கறது. பழக நாளாகும், ஆனா ஆரம்பத்துல இருந்தே கயிறோட இருக்கறீங்க பாருங்க, அது எனக்குப் புடிச்ச குணம். எது வாங்கினாலும் லேபிள்ல போட்டிருக்கற எடையைப் பாருங்க, பெரும்பாலும் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ, அது உங்க உடம்பு எடை மட்டும் இல்ல, ஜாக்கெட், பூட்ஸ், பை, துப்பாக்கி எல்லாம் சேத்து. சீட்டு மெத்தை எப்படி இருக்குன்னு அமுக்கிப் பாக்கறதுக்கு முன்னாடி வெல்டிங்கை பாருங்க, பின்னை பாருங்க.

பலகையை ஆணி அடிச்சு யாரோ எப்பவோ கட்டி விட்டுட்டுப் போன பரண் காட்டுல கண்ணுல பட்டா நிமிர்ந்து பாத்துட்டு நடையைக் கட்டுங்க.

ஹார்னஸ் பத்தி கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன். நெஞ்சைச் சுத்தி மட்டும் கட்டற பழைய பெல்ட்டெல்லாம் தூக்கிப் போட்டுடுங்க, விழுந்தா அது அக்குளுக்கு ஏறி நெஞ்சை நெரிச்சு மூச்சை நிறுத்திடும். தோள், நெஞ்சு, ரெண்டு தொடை எல்லாத்தையும் புடிக்கற முழு உடம்பு ஹார்னஸ்தான் வேணும், தொடை பட்டை தொளதொளன்னு இருக்கக்கூடாது. மரத்தோட இணைக்கற கயிறை, நிக்கும்போது தலை உயரத்துலயோ அதுக்கு மேலயோ கட்டுங்க, உக்காந்தா அது தொய்ஞ்சு தொங்கக்கூடாது, ஏன்னா தொய்வு எவ்வளவோ அவ்வளவு தூரம் விழுவீங்க, தட்டுக்கு கீழ போயிட்டா திரும்ப ஏறி வர்றது பெரும் பாடு. ஏறி இறங்கறதுக்கு லைஃப் லைன்னு ஒரு கயிறு விக்குது, பரணுக்கு மேல இருந்து அடிமரம் வரைக்கும் தொங்கும், அதுல ப்ரூசிக் முடிச்சு இருக்கும். 1931-ல கார்ல் ப்ரூசிக்ங்கற ஆஸ்திரியா மலையேறி வெளியில சொன்ன முடிச்சு இது, கையால தள்ளுனா மேலயும் கீழயும் நகரும், ஆள் வெயிட் விழுந்துச்சுன்னா கயிறை இறுக்கிப் புடிச்சுக்கும். முதல்ல அந்தக் கயிறைக் கட்டவும் பரணை மாட்டவும் ஏறும்போது, லைன்மேன் பெல்ட்டை மரத்தைச் சுத்தி போட்டுக்கோங்க, கரண்ட் கம்பத்துல ஏறறவங்க இடுப்புல போடறாங்களே அதே வகை, ரெண்டு கையும் வேலைக்கு கிடைக்கும்.

விழுந்து ஹார்னஸ்ல தொங்கறோம், உயிர் தப்பிச்சோம்னு நிம்மதியா இருந்துடக்கூடாது. அசையாம தொங்குனா தொடை பட்டை அழுத்தி ரத்தம் கால்லயே தேங்கும், நிமிஷக் கணக்குல மயக்கம் வரும், அதுக்கு மேல உயிருக்கே ஆபத்து. அதனால ஹார்னஸோட வர்ற கால் வைக்கற பட்டையை கைக்கு எட்டற மாதிரி வெச்சுக்கோங்க, அதுல காலை வெச்சு எம்பி எம்பி நில்லுங்க, காலை ஆட்டிட்டே இருங்க. போனும் விசிலும் பையில இருக்கக்கூடாது, பை ஆணியில தொங்கும், நீங்க கீழ தொங்குவீங்க, நெஞ்சு பாக்கெட்ல வைங்க. சீசன் தொடங்கறதுக்கு முன்னாடி ஒருத்தரை பக்கத்துல வெச்சுக்கிட்டு தரைக்கு ஒரு அடி மேல தொங்கிப் பாருங்க, எங்க அழுத்துது எந்த பக்கிள் எட்ட மாட்டேங்குதுன்னு அங்கயே தெரிஞ்சிடும். ஒரு தடவை விழுந்து தாங்கின ஹார்னஸை திரும்ப போடாதீங்க, தைச்ச இடம் ஒருவேளை வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும்.

தூக்கிட்டு போறது பத்தி பெரிசா இல்ல. ஸ்டாண்டை முதுகோட ஒட்டி கட்டுங்க, தலைக்கு மேல நீட்டிட்டு இருந்தா கிளையில மாட்டி பின்னால இழுக்கும். இரும்பு இரும்போட உரசற இடத்துல துணி டேப் சுத்துங்க, சங்கிலி ஒரு தடவை கணீர்னா மான் அந்தப் பக்கமே வராது. வேட்டைப் பருவத்துல போறீங்கன்னா மேல ஒரு ஆரஞ்சு துணி கட்டிக்கோங்க, புதர்ல அசையறது மானா ஆளான்னு இன்னொருத்தர் யோசிக்கற நிலைமை வரக்கூடாது. முடிஞ்சா வேட்டைக்கு சில நாள் முன்னாடி பட்டப்பகல்லயே கட்டிட்டு வந்துடுங்க, இருட்டுல முதல் தடவை கட்டறது வேண்டாத வேலை.

மரம் உயிரோட, நேரா, உங்க ஸ்டாண்ட் மேனுவல்ல சொன்ன சுத்தளவுக்குள்ள இருக்கணும். பட்டை உரியற மரம், வழவழப்பான மரம், மழையில நனைஞ்ச மரம் க்ளைம்பருக்கு ஆகாது. அண்ணாந்து பாத்து காய்ஞ்ச கிளை ஏதும் உங்க தலைக்கு நேரா இல்லன்னு உறுதி பண்ணிக்கோங்க. உயரம் 15-ல இருந்து 20 அடி போதும். இன்னும் மேல போனா மான் கண்ணுல பட மாட்டோம்னு சொல்வாங்க, ஆனா கோணம் செங்குத்தாயிடும், நுரையீரல் இருக்கற பகுதி மேல இருந்து பாக்க குறுகிடும், ரெண்டு நுரையீரலையும் தொளைக்கற மாதிரி சுட முடியாது, காயத்தோட ஓடற மானைத் தேடி ராத்திரி முழுக்க காடு சுத்தணும்.

துப்பாக்கியோ வில்லோ தோள்ல போட்டுட்டு ஏறவே கூடாது. பொருளை மேல தூக்கறதுக்கு ஹால் லைன்னு ஒரு கயிறு, நீங்க மேல போய் இணைச்சு உக்காந்துட்டு அப்புறம் இழுத்துக்கோங்க. குண்டு எடுத்த, திறந்து பாத்து காலின்னு தெரிஞ்ச துப்பாக்கி, குழல் கீழ பாத்த மாதிரி கட்டணும், ட்ரிக்கர் பக்கம் கயிறு போகவே கூடாது. அம்பு முனையெல்லாம் உறையில இருக்கணும். இறங்கும்போதும் அதே மாதிரி முதல்ல பொருளை இறக்கணும், நீங்க இறங்கற இடத்துக்கு நேர் கீழ இல்லாம கொஞ்சம் தள்ளி, ஏன்னா விழுந்தா அது மேல விழக்கூடாது.

சீசன் முடிஞ்சதும் அவுத்துட்டு வந்துடுங்க, அடுத்த வருஷமும் அங்கதானே உக்காரப் போறோம்னு விட்டுட்டு வர்றவங்க நிறைய. மரம் தடிக்கும், தடிக்கும்போது ஸ்ட்ராப் அறுபடற அளவுக்கு இழுபடும், வெயில்ல நைலான் நைஞ்சு போகும், அணில் கடிச்சு வைக்கும், கீழ நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. புது ஸ்ட்ராப் விலையையும் ஆஸ்பத்திரி பில்லையும் ஒப்பிட்டுப் பாத்துட்டு, சந்தேகம் இருக்கறதை மாத்திடுங்க. எந்த மரத்துல இருக்கீங்க, எப்ப திரும்புவீங்கன்னு வீட்டுல ஒருத்தருக்கு எழுதி வெச்சுட்டு போங்க, சொன்ன நேரத்துக்கு வரலேன்னா யாரைக் கூப்பிடணும்னும் அதுலயே எழுதிடுங்க. கேட்டுட்டு இருந்தவங்களுக்கு நன்றி, வணக்கம்.