முதியோர்க்கு முதுகு ஊசியும் இரத்த அழுத்தமும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, குத்துவிளக்கேற்றிவைத்த பெரிய ஆச்சி அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, தேவகோட்டையிலிருந்தும் கானாடுகாத்தானிலிருந்தும் வெயிலைப் பொருட்படுத்தாது வந்திருக்கும் நகரத்தார் பெருமக்களே, அனைவர்க்கும் வணக்கம்.

மருந்தின் அளவு, அழுத்த மாத்திரை, அறுவைக்குப் பின் முதியோருக்கு வரும் மனக்குழப்பம் ஆகிய மூன்றையும் பேசுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

1898-இல் ஜெர்மனியில் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர் கையாண்டு காட்டிய முறையே, அறுவைக்காக இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் இன்றைய முதுகு ஊசி. பியூபிவாகைன் என்னும் மரப்பு மருந்து தண்டுவட நீரில் கலந்ததும், வலி நரம்புகளோடு, இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் பரிவு நரம்புகளும் ஓய்ந்துவிடுகின்றன. குழாய்கள் தளர்ந்து, கால்களில் இரத்தம் தேங்கி, இதயத்திற்குத் திரும்புவது குறைவதால் அழுத்தம் இறங்குகிறது. இளையவர் உடல் இதை ஈடுகட்டிக்கொள்ளும். எண்பது வயதில் அந்தச் சமாளிப்பு மந்தம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இளைஞருக்கு 15 மில்லிகிராம் போடுமிடத்தில் முதியவருக்கு 7.5 மில்லிகிராமோடு சிறிது ஃபென்டனில் என்னும் வலி நீக்கி சேர்த்தாலே பல வேளைகளில் போதும். அழுத்தம் சரிந்தால், குழாய்களை இறுக்கி அதை ஏற்ற ஃபினைலெஃப்ரின் இருக்கிறது. அதை விட்டுப் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். அங்கும் அமிர்தம் நஞ்சுதான்.

ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த ஓர் ஆச்சியை அழைத்து வந்தார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டால், சிங்கப்பூரிலிருந்த மகன் தொலைபேசியில், "சின்னதா, வெள்ளையா இருக்கும் டாக்டர்" என்றார். மருமகள், "இல்லை, ரோஸ் கலர்" என்றார். சமையற்கார அம்மாவோ மஞ்சள் பையோடு கொட்டிக் காட்டினார். அதில் காலாவதியானவையும், காலமாகிவிட்ட செட்டியாருடையவையும் இருந்தன. வழக்கமான அழுத்தம் எவ்வளவு என்று ஆச்சியையே கேட்டேன். "தம்பி, வட்டிக் கணக்குக் கேளுங்க, தேதியோட சொல்றேன், பிரஷர் கணக்கை எந்தப் புள்ளி எழுதி வச்சுச்சு?" என்றார்.

சிரிக்கிறீர்கள், ஆனால் வலியில் துடிப்பவருக்கு அன்று பார்க்கும் அளவு உண்மையான அளவாகாது. வழக்கமாக 170 இருப்பவருக்கு 110 என்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இறக்கம். அழுத்தத்தை எழுதிவைத்த ஏடு இல்லாதவரிடம் அதே 110 நல்ல எண்ணாகத் தோன்றும். டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற அழுத்த மாத்திரைகளை அறுவையன்று காலை விழுங்கியிருந்தால் சரிவு கடுமையாகலாம். நிறுத்துவதா என்பதை மயக்க மருத்துவர் முடிவு செய்ய, பெயராவது தெரியவேண்டாமா? ஐந்தொகை எழுதி உலகெங்கும் வாணிகம் நடத்திய ஊர் இது.

மனக்குழப்பத்தைப் பற்றிப் பேசத் தலைவர் அவர்களின் கைக்கடிகாரம் இடந்தரவில்லை. அழுத்தக் குறிப்பேடுகள் வாயிலருகே மேசையில் உள்ளன. வளவுக்கு ஒன்றல்ல, ஆளுக்கு ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள்.